ஹோரஸின் சவப்பெட்டி திரைக்கு வந்த சனிக்கிழமை

ஓசெல் கிட்ரி பதினொரு வருடமாகப் பிணங்களோடு பழகியவன். லாஸ் ஏஞ்சலஸின் தெற்கே, சென்ட்ரல் அவென்யூவில் இருந்த ராங்கின் இறுதிச்சடங்கு இல்லத்தில் செத்தவர்களைக் குளிப்பாட்டி, முடி திருத்தி, கோட்டு மாட்டிவிடுவது அவன் வேலை. சவ வண்டியையும் அவனே ஓட்டுவான். "கடிக்கிறதெல்லாம் உயிரோட இருக்கறவங்கதான்" என்று பார்பர் கடையில் வேடிக்கை பேசுவான். அப்படிப்பட்டவன் 1973 ஜூலையில் ஒரு சினிமாச் சுவரொட்டியைப் பார்த்து வியர்த்துப்போனான்.

போன வருடம் வந்த இரத்தக்காட்டேரிப் படத்தின் இரண்டாம் பாகம் அது. காட்டேரியும் கறுப்பன், அவனைத் துரத்துகிற போலீஸ்காரனும் கறுப்பன். முதல் படத்துக்குக் கறுப்பர்கள் வாழும் அந்தப் பகுதியே புதுச்சட்டை போட்டுக்கொண்டு போனது. இதற்கும் போகும். ஓசெலின் பயத்துக்குக் காரணம் காட்டேரி அல்ல, அது படுத்திருந்த பெட்டி.

பிப்ரவரியில் படக்காரர்கள் வந்தபோது முதலாளி மிஸ் ஓப்பல் ஊரில் இல்லை. தங்கையின் அறுவை சிகிச்சைக்காக மெம்ஃபிஸ் போயிருந்தார். அவர்களில் ஒருவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கடையில் விற்பனைக்கு இருந்த பெட்டிகளைச் சுற்றிப் பார்த்தான். "பிரதர், ஸ்டுடியோல இருக்கற பெட்டியெல்லாம் அட்டை. நம்ம ஆளு அட்டையிலயா படுப்பான்?"

அந்தக் கேள்வி ஓசெலுக்கு இனித்தது. நம்மவர்கள் எடுக்கிற படம், நம்மவர் கடையைத் தேடி வந்திருக்கிறார்கள். கடையிலேயே அழகான வால்நட் மரப்பெட்டியை மூன்று நாளைக்குக் கொடுத்தான். மூடியின் நடுவில் கண் மாதிரி ஒரு மரமுடிச்சு இருக்கும். உள்ளே பால்வெள்ளைச் சாட்டின் துணி. திரும்பி வந்ததும் துடைத்துப் பழைய இடத்தில் வைத்தான். மிஸ் ஓப்பலிடம் மூச்சு விடவில்லை.

மார்ச்சில் தபால்காரர் ஹோரஸ் பாஸ்கம் மாரடைப்பில் போனார். அவர் மனைவி வில்லடீன், ஓசெலின் தேவாலயத்தைச் சேர்ந்தவர், பெட்டிகளுக்கு நடுவே நடந்துவந்து அதே வால்நட் பெட்டியின் முன்னால் நின்றார்.

"இது புதுசுதானே ஓசெல்?"

"புதுசுதான் சிஸ்டர் பாஸ்கம்."

ஏன் அப்படிச் சொன்னான்? அவனே பலமுறை தன்னைக் கேட்டுக்கொண்டான். திருட எண்ணமில்லை, ஏமாற்றவும் எண்ணமில்லை. வாய் முந்திக்கொண்டது, அவ்வளவுதான். ஒரு நிமிடம் கழித்துத் திருத்தியிருக்கலாம். அந்த ஒரு நிமிடத்தை அவன் நான்கு மாதமாகத் தள்ளிப்போட்டிருந்தான்.

சுவரொட்டியைப் பார்த்த வாரம், ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் வில்லடீனை மடக்கினான்.

"அந்தப் படம் நல்லா இல்லயாம் சிஸ்டர்."

"யாரு சொன்னது?"

"பார்பர் கடையில பேசிக்கிட்டாங்க. மொதல் படத்துல பாதிகூட இல்லயாம்."

"அவனுங்களுக்குப் பரலோகத்தக் காட்டினாலும் மொதல் பாகம்தான் நல்லா இருந்துச்சுன்னு சொல்லுவானுங்க." வில்லடீன் சிரித்தார். "போன தடவ நானும் ஹோரஸும் ரெண்டு வாட்டி பாத்தோம். அடுத்தது வந்தா போகணும்னு அவருதான் சொல்லிவெச்சாரு. அவருக்கும் சேத்து நான் பாக்கப் போறேன்."

சனிக்கிழமை மதியக் காட்சிக்கு அவனும் போனான். வில்லடீனுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்தான். அரங்கு நிரம்பி வழிந்தது. அங்கே யாரும் வாயை மூடிக்கொண்டு படம் பார்ப்பதில்லை. பிரசங்கியாருக்குப் பதில் சொல்வதுபோலத் திரைக்கும் பதில் சொல்வார்கள்.

போன படத்தில் சாம்பலானவன் எப்படித் திரும்பி வந்தான் என்று படம் விளக்கத் தொடங்கியதும் ஒருவன் கத்தினான்: "சொர்க்கத்துலயும் கறுப்பனுக்கு எடம் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்கடா!"

"நரகத்துல கேட்டுப் பாத்தியா?"

"அங்கயும் கேட்டாச்சு!"

அரங்கே குலுங்கியது. வில்லடீனும் தோள் குலுங்கச் சிரித்தார். ஓசெல் மட்டும் பெட்டி வரப்போகும் காட்சிக்காகக் காத்திருந்தான்.

திரையில் கல்லறை அறை வந்தது. புகை விலகியது. கண் மாதிரி மரமுடிச்சு திரை முழுக்க நின்றது.

"அதத் தொறக்காதடி, முட்டாப் பொண்ணே!" என்று பெண்கள் அலறினார்கள். ஓசெல் திரையைப் பார்க்கவில்லை. முன்னால் இருந்த தலையைப் பார்த்தான். அந்தத் தலை சிரிப்பதை நிறுத்தியது. பிறகு அசைவதையும் நிறுத்தியது. பெட்டி திறந்து காட்டேரி எழுந்தபோது அரங்கே கூச்சலிட்டது. வில்லடீன் எழுந்து வெளியே போனார்.

சோளப்பொரி விற்கிற இடத்துக்குப் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஓசெலைக் கண்டதும் அவர் முகம் மாறிய விதம் அவனைக் கொன்றது.

"என் ஹோரஸ எங்க போட்டீங்க?"

"சிஸ்டர்..."

"கிட்ட வராத. ரெண்டு நாள் அந்தப் பெட்டி பக்கத்துலயே உக்காந்திருந்தேன். அந்த முடிச்சு எனக்குத் தெரியாதா? அவரத் தூக்கி வெளிய போட்டுட்டு, பெட்டியத் தோண்டி எடுத்து வித்துட்டீங்களா? இப்படி நடக்குதுன்னு சொல்லுவாங்க. ராங்கின்ல நடக்காதுன்னு நான் சண்டை போட்டிருக்கேன்டா."

பொய் வெளியே வந்தால் வேலை போகும் என்றுதான் நான்கு மாதமாகப் பயந்தான். அவர் இதை நினைப்பார் என்று ஒருநாளும் அவனுக்குத் தோன்றவில்லை.

"முன்னாடி" என்றான். "அவருக்கு முன்னாடி. பிப்ரவரியில படத்துக்குக் குடுத்தேன். மிஸ் ஓப்பலுக்குத் தெரியாது. புதுசுன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன். ஆனா ஹோரஸ் அதுலதான் இருக்காரு. நானே மண்ணு மூடற வரைக்கும் நின்னேன்."

"ஒருதடவ பொய் சொன்ன வாய் இது. நான் எதுக்கு நம்பணும்?"

வில்லடீன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மூடி போடறதுக்கு முன்னாடி தலமாட்டுல, அவரு காதுக்கிட்ட சாட்டின்ல ஒரு முத்தம் வெச்சேன். செவப்பு லிப்ஸ்டிக். அது போகாது. படத்துல அந்தக் கறை இருந்தா நீங்க தோண்டினது நிஜம். இல்லன்னா நீ சொல்றது நிஜம். படத்துல பெட்டி தொறந்தப்ப நான் கண்ண மூடிக்கிட்டேன், பாக்கல. நீ பாத்தியா?"

அவனும் பார்க்கவில்லை.

"அடுத்த ஆட்டம் வரைக்கும் உக்காருவோம்."

ஒரு சீட்டு வாங்கினால் நாள் முழுக்க உட்காரலாம் என்பதால் யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. இந்த முறை பக்கத்துப் பக்கத்து இருக்கை. பழைய கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. "மொதல் படத்துல அழ வெச்சான், இதுல சிரிக்க வெச்சுட்டான்" என்றான் ஒருவன். "போடா, எனக்கு இதான் புடிச்சுது" என்றாள் கூட வந்தவள். புதுக்கூட்டம் வந்து நிறைந்தது.

விளக்கு அணைந்த பிறகுதான் ஓசெலுக்கு அது நினைவு வந்தது. பெட்டி திரும்பி வந்த அன்று தலைமாட்டில் சிவப்பாகச் சாயம் சிந்தியிருந்தது. நடிகனின் வாயில் ஊற்றிய பொய் இரத்தம். குளிர்ந்த தண்ணீரும் சோப்பும் போட்டு ஒருமணி நேரம் தேய்த்துத்தான் எடுத்தான். அது எந்தக் காட்சியில் சிந்தியது? இந்தக் காட்சிக்கு முன்பா, பின்பா? முன்பு என்றால் திரையில் இப்போது சிவப்புதான் தெரியும். சாயம் என்று அவன் சத்தியம் செய்தாலும் யார் கேட்பார்கள்? நாளைக்கே கல்லறையைத் தோண்டச் சொல்வார்கள். தோண்டினால் ஹோரஸ் அங்கேதான் இருப்பார். ஆனால் நான்கு மாதம் மண்ணுக்குள் இருந்தவர் எப்படி இருப்பார் என்று அவனுக்குத் தெரியும். அதை இந்த அம்மாள் பார்க்கக் கூடாது.

'ஆண்டவரே' என்று உள்ளுக்குள் கெஞ்சினான், 'வேலை போகட்டும், இது மட்டும் வேண்டாம்.'

மீண்டும் புகை விலகியது. மரக்கண் அவர்களைப் பார்த்தது.

"தொறக்காதடி!" என்று அரங்கு கத்தியது.

"தொற!" என்றார் வில்லடீன், எல்லாருடைய சத்தத்துக்கும் மேலே. "மெதுவா தொற!"

சுற்றி இருந்தவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். மூடி உயர்ந்தது. காட்டேரி கண் திறந்தான். அவன் தலையைத் தூக்கியபோது பின்னால் சாட்டின் தெரிந்தது. ஒரு மூச்சு நேரம்தான் தெரிந்தது.

வெள்ளை. பொட்டுக் கறை இல்லை.

காட்டேரி இரண்டு பேரைக் கடித்து முடித்த பிறகுதான் வில்லடீன் அவன் பக்கம் திரும்பினார்.

"மிஸ் ஓப்பல் இப்ப கடையில இருப்பாங்களா?"

"இருப்பாங்க."

"எழுந்திரு."

வரிசையைத் தாண்டி வெளியேறும்போது பின்னாலிருந்து ஒருவன் கேலி செய்தான்: "என்னக்கா, அதுக்குள்ள பயந்துட்டியா?" வில்லடீன் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. ஓசெல் தான் ஓட்டிவந்த கடைக் காரின் முன்கதவைத் திறந்து பிடித்தான். வில்லடீன் அதைக் கடந்து, பின்கதவைத் தானே திறந்து, பின்னிருக்கையில் உட்கார்ந்தார். அடக்கத்துக்குப் போகும்போது சாவு வீட்டுக்காரர்கள் அங்கேதான் உட்காருவார்கள்.

"போற வழியில பேசாத. அங்க வந்து பேசு. முழுசா பேசு" என்றார்.

ஓசெல் சவ வண்டி ஓட்டுகிற வேகத்தில் காரைக் கடையை நோக்கி ஓட்டினான்.