நடுவில் எதையும் வைக்காத திரை

அண்ணியின் கம்ப்யூட்டரைத் திறந்தால் திரையின் நடுவே வெள்ளைக் கோபுரம் தெரியும். அதன்மேல் ஒரு ஃபைல்கூட இருக்காது. ஸ்ரீரங்கத்தில் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக் கொடுக்கும் கடை ஒன்றை நானும் என் அண்ணன் மனைவியான அவரும் நடத்திவந்தோம். அவர் செய்த பத்திரிகைகள் எல்லாம் கோபுரத்தைச் சுற்றித்தான் நிற்கும். நடுவில்தான் இவ்வளவு இடம் இருக்கிறதே என்றால், "பெருமாள் தலையில கொண்டுபோய் ஃபைலை வெக்கச் சொல்றியா?" என்பார்.

சுற்றி நிற்பதிலும் ஊர் வரைபடம்போல ஒரு கணக்கு இருந்தது. சித்திரை வீதிக்காரர்கள் கோபுரத்தை ஒட்டி, அடையவளஞ்சான் வீதிக்காரர்கள் அதற்கு வெளியே. மேற்கே முசிறியிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களுக்கு இடது ஓரம். காந்தி மார்க்கெட் வாழைக்காய் வியாபாரி வீட்டு விசேஷங்கள் ஆற்றுக்குத் தெற்கே, அதாவது திரையின் அடியில். பெயர் வைக்கத்தான் சோம்பல். புதுசு, புதுசு1, புதுசு கடைசி, புதுசு கடைசி கடைசி. உங்களைத் தவிர வேறு யாருக்கு அண்ணி இது விளங்கும் என்று சலித்துக்கொள்வேன். "வீடு எங்கன்னு தெரிஞ்சா போதும். நான் இங்கதானே உக்காந்திருக்கேன், என்னைக் கேளு."

காய்ச்சல் என்று படுத்தவர் ஆடியில் போய்விட்டார். அவர் போன கொஞ்ச நாளில் கம்ப்யூட்டரும் மக்கர் செய்ய ஆரம்பித்தது. புதியது வாங்கினோம். பொருத்த வந்தவர் நல்ல மனிதர். "எல்லாத்தையும் ஏத்திட்டேங்க. ஒண்ணுகூட விட்டுப்போகல," என்றார். உண்மைதான். எல்லாம் இருந்தன, ரேஷன் கடை வரிசைபோல, மேலிருந்து கீழாக, எழுத்து வரிசையில். கோபுரப் படத்தைத் தேடிப் பிடித்துப் போட்டேன். அதன் உச்சியில் 'புதுசு47' உட்கார்ந்திருந்தது.

இந்தப் புது ஏற்பாட்டோடு மல்லுக்கட்டியே எனக்கு அலுத்துவிட்டது. காப்பி செய்ய எங்கே அமுக்குவது என்று கேட்டால் பெயரில்லாத குட்டிப் படங்களைக் காட்டுகிறது. வைத்த ஃபைல் வைத்த இடத்தில் இல்லாமல் கிளவுடில் இருக்கிறேன் என்கிறது. தேடும் கட்டத்தில் 'புதுசு' என்று அடித்தால், புதுசு எல்லாமே வந்து நிற்கிறது. எதுவும் முகம் காட்டுவதில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே சின்னம்.

இதற்கு நடுவில்தான் அண்ணியின் மகள் கல்யாணம். வருஷம் திரும்புவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று தையில் நாள் குறித்தார்கள். அண்ணி இருந்தபோதே நிச்சயமாகியிருந்தது, அன்றே அவர் பத்திரிகையைச் செய்துவிட்டிருந்தார். "அம்மா போட்டதையே அடிக்கணும் அத்தை. அது இல்லைன்னா எனக்குப் பத்திரிகையே வேணாம்," என்றாள் அவள். பழைய திரை என்றால் நானே எடுத்திருப்பேன். எங்கள் வீடு அம்மா மண்டபம் சாலையில், ஆகவே கீழே, ஆற்றுக்கு இந்தப் பக்கம். இப்போது கீழ் ஏது, ஆறு ஏது?

ஒவ்வொன்றாகத் திறந்தேன். யார் யாருடைய கல்யாணமோ வந்தது. பிள்ளையே காலேஜ் போகிற வயதாகிவிட்ட மாப்பிள்ளைகளும் மீசை அரும்பிய முகத்தோடு வந்தார்கள். கண் எரிந்தது. எழுந்து போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன். சாயங்காலம் கடைத்தெருவில் விளக்குப் போடும் நேரத்தில், 'புதுசு நம்மது' என்ற ஒன்று திறந்தது.

கிளிப்பச்சை ஓரம், நடுவில் சங்கு சக்கரம். தேதிக்கு மட்டும் புள்ளி வைத்து விட்டிருந்தார். பெண்ணின் தாயார் என்ற இடத்தில் தன் பெயரைத் தானே அடித்திருந்தார். தேதியைச் சேர்த்தேன். பிறகு அந்தப் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று அடித்தேன். வரி நிரம்பி, பெயரின் கடைசி எழுத்துகள் கீழே விழுந்தன. அண்ணி அதற்கு இடம் விட்டிருக்கவில்லை. கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, எழுத்தைச் சிறிதாக்கி ஒரே வரியில் சேர்த்தேன்.

மறுநாள் பொருத்தியவருக்குப் போன் செய்தேன். "அது தானா அடுக்குறதை நிறுத்திடலாங்க," என்று வழி சொன்னார். நிறுத்தினேன். மற்றவர்களை அவரவர் வீதிக்கு அனுப்ப எனக்குத் தெரியாது, அது அண்ணிக்கு மட்டுமே தெரிந்த ஊர். கோபுரத்தின் மேல் இருந்தவற்றை மட்டும் ஓரமாக நகர்த்தினேன். 'புதுசு நம்மது' என்பதைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு போய், எங்கள் வீடு இருக்கும் இடத்தில் விட்டேன். அது அங்கேயே நின்றது.