நஞ்சுக்கொடி வரை வந்த காய்ச்சல்

பரிசோதனைக்கூடத்தில் தங்கையின் வேலை நஞ்சுக்கொடிகளை எடைபோடுவது. பிரசவ வார்டிலிருந்து டப்பாவில் வருவதை எடுத்து, ரத்தம் துடைத்து, தராசில் வைத்து, விரல்நக அளவுத் துண்டுகளாக வெட்டி, மருத்துவர் நுண்ணோக்கியில் பார்க்கத் தயார் செய்வாள். வயிற்றுப் பிள்ளைக்கு உணவும் மூச்சும் போகிற வழி அது, பார்க்க ஈரல் மாதிரி இருக்கும் என்று சாப்பாட்டு நேரம் பார்த்துச் சொல்வாள். அக்கா தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். ஆனாலும் தன் தையல் கடைக்கு வருகிறவர்களிடம், தங்கை வெட்டிக் கொடுத்தால்தான் டாக்டரே பார்க்க முடியும் என்று சொல்லாமல் விட்டதில்லை. குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவள் அவள் ஒருத்திதான்.

தங்கை உண்டானதும் மருந்து நெடி ஆகாதென்று அவளைப் பதிவு மேசைக்கு மாற்றினார்கள். ஐந்தாம் மாதம் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் சூடு, கழுத்தில் நெறி கட்டியது, நான்காம் நாள் எழுந்து வேலைக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை லாரியோடு வெளியூரில் இருந்தார். காய்ச்சலை மூன்று வேளையும் நோட்டில் குறித்து வைத்தவள் அக்காதான்.

அதே நோட்டில் அடுத்த பக்கம் தங்கையின் வயிற்றுச் சுற்றளவு. கவுன் தைப்பதற்காக மாதாமாதம் டேப்பை எடுப்பாள். முப்பத்தாறு, முப்பத்தேழரை, முப்பத்தொன்பது. ஏழாம் மாத ஸ்கேன் அன்று பரிசோதனைக்கூடத்தில் ஆள் குறைவு. போவதா வேண்டாமா என்று தங்கை தயங்கினாள்.

"நோட்டுல ஏறிக்கிட்டுதானேடி இருக்கு. அடுத்த வாரம் போனா குடியா முழுகிடும்?" என்றாள் அக்கா. அடுத்த வாரம் நான்கு வாரமாயிற்று.

எட்டாம் மாதம் டாக்டரம்மா தன் டேப்பை வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தார். மறுபடியும் வைத்தார். உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார். நஞ்சுக்கொடி தடித்திருக்கிறது, பிள்ளை வளர வேண்டிய அளவு வளரவில்லை என்றார். அக்காவுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. நோட்டை விரித்துக் காட்டியதோடு, தங்கையை நிற்கவைத்து அளந்தும் காட்டினாள்.

"கையை எதுக்கும்மா டேப்புக்குள்ள வைக்கிறீங்க?"

"வளர்ற வயிறுங்க. துணி பத்தாம போயிடக் கூடாதில்ல. முதல்ல ரெண்டு விரல், அடுத்த மாசம் மூணு, இப்போ..." என்றவள் அப்படியே நிறுத்தினாள். நோட்டில் ஏறியதில் பாதிக்குமேல் அவள் விரல்கள்தான்.

"எனக்கும் கவுன் லூசாத்தான் இருந்துச்சு. உன் தையல் அப்படின்னு விட்டுட்டேன்," என்றாள் தங்கை, வெளியே வந்ததும்.

ரத்தப் பரிசோதனையில் அந்தக் காய்ச்சல் ஒரு வைரஸால் வந்தது என்று தெரிந்தது. அது நஞ்சுக்கொடியில் தங்கி வீக்கம் உண்டாக்கியிருக்கலாம், வீங்கினால் பிள்ளைக்குப் போகிற உணவு குறையும், வைரஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்கும் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம் என்று டாக்டரம்மா விளக்கினார். முன்னாலேயே வந்திருந்தால் என்று அக்கா இழுத்தாள்.

"அடிக்கடி பார்த்திருப்போம். மத்தபடி என்ன மாறியிருக்கும்னு எனக்கே சொல்லத் தெரியலம்மா."

அது தன்னை மன்னித்ததா, குற்றம் சொன்னதா என்று வீடு வரும்வரை அக்காவுக்குப் பிடிபடவில்லை.

முப்பத்தேழாவது வாரம் வலி வர மருந்து கொடுத்தார்கள். பெண் குழந்தை, இரண்டு கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைவு. நஞ்சுக்கொடி தங்கையின் கூடத்துக்கே போயிற்று. அவள் இடத்தில் இருந்தவள் வெட்டினாள். அதில் வைரஸ் இருந்தது. சில இடங்கள் செத்துக் கெட்டியாகிக் கிடந்தன. குழந்தையின் சிறுநீரில் வைரஸ் இல்லை. இந்த வைரஸ் காதைக் கெடுக்கலாம் என்று செய்த காதுப் பரிசோதனையும் சரியாக இருந்தது. ஆனாலும் சில மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டுமாம்.

தங்கை படித்துச் சொன்ன அறிக்கையை அக்கா மூன்று முறை கேட்டாள். "அப்போ அந்த நஞ்சுக்கொடி புள்ளையக் காப்பாத்துச்சா, பட்டினி போட்டுச்சா?"

"ரெண்டையும் செஞ்சிருக்கலாம்க்கா. இத்தனை வெட்டியிருக்கேன், எனக்கே தெரியல."

மறுநாள் கடைக்கு ரவிக்கை வாங்க வந்தவர் குழந்தை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். நல்லா இருக்கா என்று சொல்லிவிட்டு அக்கா தையலில் குனிந்தாள். ஊசியை நிறுத்தி நிமிர்ந்தாள்.

"நல்லா இருக்கான்னுதான் சொல்றாங்க," என்றாள்.