வெயிலில் வைத்த பெட்டி

திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி வைத்திருக்கும் செல்வராசு, ஒரு கோடையில் என்னிடம் படித்தவர், காலையில் போனில் சொன்னார். "சார், நம்ம பள்ளிக்கூட முதல்வர் போயிட்டாருங்க. நினைவு மலருக்கு நீங்க எழுதோணும். நல்லதா எழுதுங்க." எழுதுகிறேன் என்றேன். நல்லதாக என்று சொல்லவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், பி.எட். முடித்த கையோடு, நாமக்கல் பக்கம் அவர் நடத்திய விடுதிப் பள்ளியின் கோடைப் பயிற்சிக்குப் பயிற்சி ஆசிரியராகப் போனேன். பிள்ளைகளோடு விடுதியில் தங்க வேண்டும். முதல்வருக்குப் பிடித்திருந்தால் ஜூனில் வேலை நிரந்தரம். விடுதியில் முதலில் எழுபவர் அவர்தான். பிள்ளைகள் சாப்பிட்ட சோற்றைத்தான் அவரும் சாப்பிட்டார். இவ்விரண்டையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவதாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

பனமரத்துப்பட்டி கந்தசாமிக்கு விகிதக் கணக்கு ஏறவே இல்லை. கோழித் தீவனத்தை உதாரணமாக எடுத்தேன். சோளம் மூன்று பங்கு, புண்ணாக்கு ஒரு பங்கு. எட்டுப் படித் தீவனத்தில் புண்ணாக்கு எவ்வளவு? "ரெண்டு படிங்க சார்," என்று முதல்முறையாக வாய் திறந்தான். ஜன்னலில் முதல்வர் நின்றிருந்தார். "ஏனுங்க வாத்தியாரே, இவன் பரிச்சை எழுதப் போறானா, கோழிக்குத் தீனி போடப் போறானா?" வகுப்பே சிரித்தது. கந்தசாமி அதன்பின் வாய் திறக்கவில்லை. தேர்விலும் தோற்றான்.

தோற்றவர்களை அவர் அனுப்பும் முறை இந்த மலரைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும். பெற்றோர் பார்க்க வரும் ஞாயிறன்று அந்தப் பிள்ளையின் டிரங்குப் பெட்டி கேட்டுக்கு வெளியே வெயிலில் இருக்கும். பார்த்துப் பெற்றோரே புரிந்துகொள்ள வேண்டும். கந்தசாமிக்கு இன்னும் ஒரு வாரம் கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். "ஒரு கூமுட்டை போதுமுங்க, முட்டைத் தட்டே நாறிப்போகும்," என்றார்.

ஞாயிறன்று கந்தசாமியின் அப்பா ஒரு பை மாம்பழத்தோடு வந்தார். பெட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "மூட்டைப்பூச்சிக்கு வெயில்ல வெச்சிருக்கீங்களாட்ட. எங்கூட்லயும் இப்பிடித்தானுங்க. பசங்கள நல்லாப் பாத்துக்கறீங்க சாமி." முதல்வர் வாய்விட்டுச் சிரித்தார். நின்றிருந்த பெற்றோர்களும் சிரித்தார்கள். கந்தசாமி தலையைக் குனிந்துகொண்டான்.

என் அறைக்குப் போய் என் பெட்டியைத் தூக்கி வந்து கந்தசாமியின் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"என்னங்க, நீங்களும் ஃபெயிலா?" என்றார் முதல்வர்.

"அவன் தோத்தது என் பாடத்துலதானுங்க."

"அப்ப ரெண்டு பேரும் ஒரே பஸ்ல போங்க."

அப்படியே போனோம். பெட்டிகள் பஸ் கூரையில். ராசிபுரம் தாண்டியது. கந்தசாமியின் அப்பா ஒரு மாம்பழத்தை என் கையில் வைத்தார். "பெட்டிய வெச்சது பூச்சிக்கில்லீங்களா சாமி?"

"இல்லீங்க," என்றேன்.

பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் முதல்வரைப் பார்த்து அந்த ஞாயிறைப் பற்றிக் கேட்டேன். "எந்தக் கந்தசாமிங்க?" என்றார். நடிக்கவில்லை. உண்மையிலேயே அவருக்கு நினைவில்லை. போனவரை மன்னித்துவிடச் சொல்கிறார்கள். அதைச் செய்ய வேண்டியவன் நானில்லை.

அன்று நான் தூக்கி வந்து வைத்த பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. கோடைதோறும் அதை வாசலில் வெயிலில் வைக்கிறேன். மூட்டைப்பூச்சிக்குத்தான்.