மஸ்கட் ரோட்டுக்கு மஞ்சக்குப்பத்தில் பயிற்சி

"ரோட்டுல போறவன் ரெண்டு வகைடா" என்று எங்கள் பெரியப்பா ஆரம்பிப்பார். முதல் வகை, வழி விடுகிறவன். இரண்டாவது என்னவென்று சொன்னாரோ, மறந்துவிட்டது. அந்த இரண்டாவது வகைக்குத்தான் இப்போது கடலூரில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன்.

டிரைவிங் ஸ்கூல் என்பது, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பயத்தை வெளியே காட்டாமல் இருக்கிற தொழில். இதே தொழிலில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மஸ்கட்டில் பல வருஷம் கம்பெனி வண்டி ஓட்டிவிட்டு வந்தவன் என்பதால், அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் என்னைத் தேடி வருவார்கள். அப்படி வந்தவர் தேவனாம்பட்டினம் குமரவேல். மீன் லோடு வண்டியை விற்றுவிட்டு விசாவோடு நின்றார். அந்த ஊர் லைசென்ஸ் டெஸ்டில் பாஸானால் வேலை. ஃபெயிலானால் கம்பெனி திருப்பி அனுப்பிவிடும்; இங்கே வந்தால் ஓட்ட வண்டியும் இல்லை.

ஹாரன்

முதல் நாள், மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஆளே இல்லை. குமரவேல் கியர் போடுவதற்கு முன்பே ஹாரன் அடித்தார். திரும்பும்போது அடித்தார். நிறுத்திவிட்டும் ஒருமுறை அடித்தார். "அங்க ஹாரன் அடிச்சா எதிராளியைத் திட்டுறதா அர்த்தம்" என்றேன். ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டார்:

"அப்ப நல்ல விதமா சொல்லணும்னா எத சார் அடிக்கிறது?"

வரிக்குதிரைக் கோடு

கோட்டில் ஆள் நின்றால் வண்டி நிற்க வேண்டும் என்று பாடம். கலெக்டர் ஆபீஸ் போகும் ரோட்டில், கூடையோடு ஒரு பூக்கார அம்மா நிற்பதைப் பார்த்து குமரவேல் அழகாக நிறுத்தினார். அந்த அம்மா நகரவில்லை. இவர் கையைக் காட்டினார். அந்த அம்மா இன்னும் ஓரடி பின்னால் போனார். எங்கள் பின்னால் டவுன் பஸ், அதற்குப் பின்னால் ஆட்டோக்கள், எல்லோரும் சேர்ந்து கத்துகிறார்கள். கடைசியில் அந்த அம்மாவே ஜன்னல் பக்கம் வந்து குனிந்து கேட்டார்:

"யார் வூட்டுக்குப் போவணும்? எங்கிட்டயே கேக்கலாம்ல, ஏன் நடு ரோட்டுல நிக்கிறீங்க?"

பதிவு எண்

கடலூரில் கார் வாங்குகிறவர்கள் பலர் ஆற்றைத் தாண்டிப் பாண்டிச்சேரியில் ஒரு விலாசம் பிடித்துவிடுவார்கள். அங்கே வரி கம்மி. வண்டி மட்டும் பாண்டிச்சேரிவாசி, ஓட்டுகிறவர் வருஷக்கணக்காக நம்மூர். அதனால் பதிவு பற்றிய பாடத்தை நிதானமாகவே நடத்தினேன். மஸ்கட்டில் வருஷா வருஷம் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, பதிவைப் புதுப்பிக்க வேண்டும், தேதி தாண்டினால் அபராதம், யாரிடம் பேசியும் பிரயோஜனம் இல்லை. குமரவேலுக்கு அந்த ஊர் மீது முதல்முறையாகப் பரிதாபம் வந்தது.

"ஏன் சார், அவுங்களுக்குப் பக்கத்துல பாண்டிச்சேரி மாதிரி ஊரு ஒண்ணுகூட இல்லியா?"

லீவு

போனார். பாஸானார். போனில் அழுதுகொண்டே சொன்னார். பிறகு ஒரு நாள் லீவில் வந்தவர், சிதம்பரத்தில் கல்யாணம் முடிந்து மண்டப வாசலில் நின்ற என்னைத் தன் புதுக் காரில் ஏற்றிக்கொண்டார். அபராதம் ஒன்றுகூட வாங்காத டிரைவர் என்று கம்பெனியில் நல்ல பெயராம். சொல்லிக்கொண்டே சீட் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டினார். இல்லாவிட்டால் கார் கத்துமாம். புறவழிச்சாலை வந்ததும், யூ டர்ன் தூரம் என்று எதிர்த்திசையிலேயே ஏறினார். முன்னால் லாரி. நான் காலை அழுத்தினேன். ஸ்கூல் வண்டியில் இருப்பதுபோல இதில் என் பக்கம் பிரேக் இல்லை. லாரி எப்படியோ ஒதுங்கிப் போயிற்று.

"குமரவேல், என்ன இது?"

"நீங்க அந்த ஊருல ஓட்டத்தானே சார் சொல்லிக்குடுத்தீங்க" என்றார், உண்மையான மரியாதையோடு.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, கடலூர் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.