முடித்தவருக்கே புத்தகம்

எங்கள் வீட்டு அலுமாரியில் இருந்த புத்தகங்களில் ஒன்றையும் திறந்து பார்க்காமலே பத்து வயது வரை நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். அவை மாமாவின் புத்தகங்கள். அம்மாவின் தம்பியான மாமா கனடாவுக்குப் போகும்போது உடுப்புகளைச் சிநேகிதர்களுக்கும் சைக்கிளை அப்பாவுக்கும் கொடுத்துவிட்டு, புத்தகங்களை மட்டும் அம்மாவின் பொறுப்பில் விட்டுப் போனார். போனில் கதைக்கும்போதெல்லாம் எங்கள் சுகத்தைக் கேட்ட கையோடு புத்தகங்களின் சுகத்தையும் கேட்பார். கரையான் வரவில்லை, கடற்காற்றுப் படவில்லை என்று அம்மா பதில் சொல்வார்.

அம்மா அவற்றைப் பராமரித்தது வருடத்தில் ஒருமுறைதான். நவராத்திரியின் கடைசி மூன்று நாட்கள் சரஸ்வதிக்கு உரியவை. அப்போது எல்லாப் புத்தகங்களையும் வெளியே எடுத்துத் தூசு தட்டி, கும்பத்துக்கு முன்னால் அடுக்கி, ஒவ்வொன்றின் மட்டையிலும் சந்தனமும் குங்குமமும் வைப்பார். விஜயதசமி முடிந்ததும் அலுமாரிக்குள் வைத்து மூடிவிடுவார். வருடக்கணக்கில் வைத்த பொட்டுகள் மட்டைகளில் காய்ந்து தடித்துப்போயிருந்தன. உள்ளே தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி இருந்தன.

அப்பா துறைமுகத்தில் களஞ்சியப் பொறுப்பாளர். ஒரு வருடமாக யாரும் கேட்டு வராத பொருளை அவர் 'அசையாத சாமான்' என்பார். அதைப் பாவிக்கக்கூடிய யாருக்காவது கொடுத்துவிட்டு இடத்தைக் காலி பண்ண வேண்டும் என்பது அவருடைய கொள்கை. வீட்டையும் அதே கண்ணால்தான் பார்ப்பார். எங்கள் வீட்டில் எத்தனையோ குடைகளும் சட்டிகளும் என்னுடைய ஒரு சோடிச் சப்பாத்தும் அப்படித்தான் காணாமல் போயின. ஒரு விஜயதசமி அன்று, அம்மா புத்தகங்களை மறுபடி உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தபோது அவருடைய பார்வை அலுமாரிப் பக்கம் திரும்பியது.

"உம்மட தம்பியின்ர புத்தகங்களுக்கு வருஷா வருஷம் பொட்டு வைக்கிறீர். ஒருக்காலாவது திறந்து பாத்தனீரோ?"

"நீங்கள் பாத்தனீங்களோ?" என்று அம்மா திரும்பிப் பாராமலே கேட்டார்.

பதில் இல்லாத ஆண்கள் செய்வதைத்தான் அப்பாவும் செய்தார். உடனே ஒரு சட்டம் போட்டார். இந்த விஜயதசமியிலிருந்து அடுத்த விஜயதசமி வரைக்கும் வீட்டில் யாரும் எந்தப் புத்தகத்தையும் எடுக்கலாம். ஒருவர் கையில் எடுத்ததை மற்றவர் தொடக்கூடாது. கடைசிப் பக்கம் வரை வாசித்து, அப்பாவுக்கு அதைக் கதையாகச் சொன்னால் புத்தகம் வாசித்தவருக்கே சொந்தம். பாதியில் நின்ற புத்தகம் அடுத்த வருடப் போட்டிக்குத் திரும்பிவிடும். யாரும் தொடாதவை பள்ளிக்கூட நூலகத்துக்குப் போகும். அலுமாரி வெறுமையாகும் வரைக்கும் வருடந்தோறும் இதுதான் நடைமுறை. மாமாவிடம் கேட்டதற்கு, ஆராவது வாசித்தால் போதும் என்று சொல்லிவிட்டார்.

இது எனக்காகப் போட்ட போட்டி என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டில் பிள்ளை என்று நான் ஒருத்திதானே. ஆனால் அடுத்து வந்த தைமாதத்திலிருந்து நான் மட்டும் இல்லை. பெரியம்மாவின் மகள் எங்களோடு வந்து இருந்தாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அவர்களுக்கு ஊர் சம்பூர். சண்டையில் இடம்பெயர்ந்து போனபோது விட்ட வீட்டையும் வயலையும் படையினர் பிடித்துவைத்திருக்க, திரும்ப முடியாமல், வருடக்கணக்காக முகாமில் கிடந்தார்கள். அங்கிருந்து படிக்க ஏலாது என்று அம்மாதான் போய் அவளைக் கூட்டிவந்தார். ஒரு நீலத் தகரப் பெட்டியோடு வந்தாள். தூக்கும்போது பெட்டிக்குள் ஏதோ ஒன்று மட்டும் உருண்டு கடகடத்தது. மிச்சம் முழுக்கக் காற்று.

அக்கா என்று கூப்பிடச் சொன்னார்கள். கூப்பிட்டேன். ஆனால் மோட்டார் சைக்கிளில் அப்பாவுக்குப் பின்னால் அவள் இருக்க, நான் முன்னுக்கு எண்ணெய்த் தாங்கியின் மேல் பால்குடிப் பிள்ளை மாதிரிக் குந்திக்கொண்டு போனது எனக்குப் பொறுக்கவில்லை. அம்மா முதலில் அவளுக்குச் சீப்பால் தலை இழுத்துவிட்டு, வலித்த கையோடு என்னிடம் வந்ததும் பொறுக்கவில்லை. கட்டிலில் யன்னல் பக்கம் அவளுக்குப் போயிற்று. பொரித்த மீனில் நடுத்துண்டும் போயிற்று. அவள் இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்டு வாங்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன்.

அவள் வந்த பிறகுதான் நான் அலுமாரிப் பக்கம் போனேன். போட்டியில் வெல்ல மெல்லிய புத்தகமாகப் பார்த்து எடுத்தேன். முதலில் கிடைத்தது தேனீ வளர்ப்புப் பற்றியது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், முற்றத்துக் கதிரையில் தேத்தண்ணீரோடு இருந்த அப்பாவுக்குப் போய்ச் சொன்னேன். தேனீக்களைப் பெட்டியில் வைத்து வளர்த்தால் தேன் கிடைக்கும் என்றேன்.

"பிறகு?"

"பிறகு முடிஞ்சுது."

அப்பா தேத்தண்ணீரைக் குடித்து முடித்து, கோப்பையை என்னிடமே தந்தார். புத்தகம் எனக்குச் சொந்தமாயிற்று. அதன் பிறகு நான் அதைத் திறக்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு அக்கா சொன்னாள். ஏதோ ஒரு பனி நாட்டில் திருட்டுப்போன குதிரையைத் தேடிப்போகும் கதை. அவள் உரத்துக் கதைக்கமாட்டாள். முகாமில் பழகிய பழக்கமாக இருக்கலாம், பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற குரல். அப்பா கதிரையை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். "அவன் அப்ப என்ன செய்தவன்?" என்று இரண்டு மூன்று தரம் கேட்டார். கோப்பையைத் தூக்கி, வாய் வரை கொண்டுபோய், குடிக்காமலே திரும்ப வைத்தார். கதை முடியும்போது பால்தேத்தண்ணீரில் ஆடை படிந்துவிட்டது.

அந்த ஆடை படிந்த கோப்பைதான் எனக்கு வேண்டியிருந்தது. புத்தகம் அல்ல, அவள் வென்ற புத்தகங்களைப் போட்டுவைத்த நீலப் பெட்டியும் அல்ல. நான் கதை சொல்ல, அப்பாவின் தேத்தண்ணீர் ஒருநாளாவது ஆறிப்போக வேண்டும். அதற்காகவே அந்த வருடம் நான் வாசித்தேன். இலக்கண நூலையும் விடாமல், பொறாமையில் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தேன். அப்பா ஒவ்வொரு முறையும் கடைசிச் சொட்டு வரை சுடச்சுடக் குடித்தார். அக்காவின் பெட்டியோ கனத்துக்கொண்டே போனது. அதற்குள் எதுவும் உருள இடமிருக்கவில்லை.

மாசி, பங்குனி வாக்கில் அவள் அந்தச் சிவப்பு மட்டைப் புத்தகத்தை எடுத்தாள். அலுமாரியிலேயே தடித்த புத்தகம் அதுதான். பாய்மரக் கப்பல்களின் படங்கள் வழுவழுத்த தாளில் இருந்தன. அதை நான் முன்பே அறிவேன். கண்ணாடி எட்டாத வயதில் அதன் மேல் ஏறி நின்றுதான் பொட்டு வைப்பேன். அது புத்தகம் என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை. அவள் மடியில் பார்த்த கணத்திலிருந்து, உலகத்தில் எனக்கு அது ஒன்றுதான் வேண்டும் என்று ஆகிவிட்டது.

"அது நான் எடுக்க இருந்தது" என்றேன்.

"அப்பிடியே? ஏன் எடுக்கேல்ல?" என்று அவள் உண்மையிலேயே கேட்பதுபோலக் கேட்டாள்.

சட்டம் சட்டம்தான், தொட முடியாது. அவளோ அதை மாதக்கணக்கில் வாசித்தாள். இடையில் வேறு புத்தகங்களை முடித்தாள், மறுபடி அதற்கே போனாள். பள்ளிக்கூடத்துக்குக் கட்டும் பச்சை ரிபனைப் பக்கத்துக்கு அடையாளமாக வைத்திருந்தாள். நான் தினமும் ரிபன் எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன். அவளுக்குக் காய்ச்சல் வரவேண்டும் என்று நேர்ந்துகொண்டேன். எங்கள் ஊரில் மாடுகள் மாதிரித் தெருவில் திரியும் மான்கள் சுவரில் ஒட்டிய நோட்டீசுகளைக்கூட உரித்துத் தின்னும். அவற்றில் ஒன்றாவது வந்து அதைத் தின்னக்கூடாதா என்றும் நினைத்தேன். அவள் புத்தகத்தை ஒருநாளும் வெளியே வைத்ததில்லை.

ஆவணியில் சம்பூரில் படையினர் காணிகளைத் திரும்ப விடுகிறார்கள் என்று செய்தி வந்தது. பெரியப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் இருக்கிறதாம். நவராத்திரி முடிய அக்காவைக் கூட்டிப்போவதாகச் சொன்னார். அம்மா அழுதார். எனக்கு யன்னல் பக்கமும் நடுத்துண்டும் திரும்பிவரப்போகிற சந்தோஷம். பிறகுதான் உறைத்தது, பெட்டியும் அவளோடு போகும். சிவப்புப் புத்தகத்தை முடித்துவிட்டால் அதுவும் போய்விடும்.

அதனால் அவள் வாசிக்க உட்காரும் நேரங்களில் எனக்குக் கணக்கு விளங்காமல் போனது. தண்ணீர் அள்ள அவளுடைய துணை தேவைப்பட்டது. அவள் ஒவ்வொரு முறையும் ரிபனை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். முகம் சுழித்ததே இல்லை.

சரஸ்வதிக்கு உரிய நாட்கள் தொடங்குவதற்கு முதல்நாள், ரியூஷன் முடிந்து வரும்போது அப்பாவின் சிரிப்பு தெருவரைக்கும் கேட்டது. முற்றத்தில் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அக்கா. கதிரைக்குக் கீழே ஆடை படிந்த கோப்பை. ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை.

"என்ன கதை?" என்றேன்.

"சும்மா, ஒரு துறைமுகக் கதை" என்றார் அப்பா. அக்கா கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

மறுநாள் அம்மா வீட்டில் இருந்த புத்தகம் எல்லாவற்றையும் சேர்த்துக் கும்பத்துக்கு முன் அடுக்கினார். சிவப்புப் புத்தகமும் போயிற்று. முடிவுக்குக் கொஞ்சப் பக்கம் இருக்க, பச்சை ரிபன் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. பூசைக்கு வைத்ததை விஜயதசமி வரைக்கும் தொடக்கூடாது. போட்டியும் விஜயதசமியோடு முடிகிறது. நான் மூன்று நாளும் கும்பத்துக்கு முன்னால் கண்ணை மூடி, சரஸ்வதிக்கு மனமார நன்றி சொன்னேன். இந்தச் சின்னப் பிள்ளைக்கு என்ன பக்தி என்று அம்மா அயலட்டைக்கெல்லாம் சொன்னார்.

விஜயதசமி காலையில், அவலும் கடலையும் கையில் இருக்க, அப்பா கணக்கை முடித்தார். கடைசியாகச் சிவப்புப் புத்தகத்தைத் தூக்கினார்.

"இது?"

"முடிக்கக் கிடைக்கேல்ல, சித்தப்பா" என்றாள் அக்கா.

அப்பா அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாமான் கணக்கில் ஒன்று குறைந்தால் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. பிறகு, "சரி, அப்ப அலுமாரிக்கே போகட்டும்" என்றார்.

நான் துள்ளாத குறை. அடுத்த நாள் பெரியப்பா வந்தார். நீலப் பெட்டியைத் தூக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அவர்களை ஏற்றிய மூதூர் பஸ் புறப்படும்போது அவள் யன்னலால் கையாட்டினாள். நான் கையாட்டினேனா என்று நினைவில்லை. வீட்டுக்குப் போய் அலுமாரியைத் திறக்கும் அவசரத்தில் இருந்தேன்.

சிவப்புப் புத்தகத்தை வாசிக்க எனக்கு மார்கழி வரை பிடித்தது. யன்னல் பக்கத்தில் இருந்துதான் வாசித்தேன். முதல் பத்துப் பக்கம் வெற்றிக்காக வாசித்தேன், அதன் பிறகு எதற்காக வாசிக்கிறேன் என்பது மறந்துபோயிற்று. மழைபெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, விறாந்தையில் இருந்த அப்பாவுக்குக் கதை சொன்னேன். புயலில் பாய்மரம் முறிந்த கப்பலைச் சொன்னேன். உப்பு இறைச்சிக்குச் சண்டை பிடித்த மாலுமிகளைச் சொன்னேன். அப்பா கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார். தேத்தண்ணீரில் ஆடை படிந்தது. எல்லாக் கஷ்டமும் பட்டுக் கப்பல் ஊருக்கு வந்து சேர, வரவேற்க மேளதாளத்தோடு வந்த சனம் முழுக்க மற்றத் துறைமுகத்தில் போய் நிற்கிறது. அதுதான் முடிவு. அந்தச் சிரிப்பான இடத்துக்கு நான் வந்துசேர முன்பே அப்பா சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"ஓம்" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவளும் உப்பிடித்தான் சொன்னவள்."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. இதிலும் அவள்தான் முதல். இங்கே இல்லாமலே என்னை முந்திவிட்டாள். அறைக்குள் போய்ப் பச்சை ரிபனை உருவி எறிந்துவிட்டு, முதல் பக்கத்தில் என் பெயரைக் கொட்டை எழுத்தில், தாள் கிழியும்படி அழுத்தி எழுதினேன். முடித்தவருக்கே புத்தகம் என்பதுதான் சட்டம். அவள் முடிவு வரை சொன்னவள் என்றால், அந்தப் புத்தகம் எப்படி என் கையில் இருக்கிறது என்று நான் அன்றைக்கு ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை.