சிவப்பு முந்த வேண்டும்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது எங்கள் வீட்டுக் கக்கூஸும் பக்கத்து வீட்டுக் கக்கூஸும் ஒரு பந்தயத்தில் இறங்கின. அப்படித்தான் நான் அதை விளங்கிக்கொண்டேன்.

மெல்பேர்னுக்குக் கிழக்கே, மலையடிவாரத்தில் இருக்கும் த பேசின் என்ற ஊரில் நாங்கள் வீடு வாங்கி வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பிள்ளையார் கோயில் பக்கம் என்று அம்மாவும், விலை குறைவு என்று அப்பாவும் ஒரே வீட்டை வெவ்வேறு காரணங்களுக்காக விரும்பியிருந்தார்கள். விலை ஏன் குறைவு என்பது வந்த பிறகுதான் தெரிந்தது. எங்கள் தெருவுக்குக் கழிவுநீர்க் குழாய் இன்னும் வந்து சேரவில்லை. ஒவ்வொரு வீட்டின் கழிவும் அந்தந்த வளவிலேயே நிலத்துக்குள் இருக்கும் ஒரு குழிக்குத்தான் போனது.

அப்பா யாழ்ப்பாணத்தில் பி.எச்.ஐ.யாக இருந்தவர். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்று முழுப் பெயரையும் அங்கே யாரும் சொல்வதில்லை. அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் பேக்கரிக்காரர்கள் ஓடி ஓடி மாவை மூடுவார்களாம். வீட்டுக்காரர்கள் நுளம்பு பெருகும் சிரட்டைகளைக் கவிழ்ப்பார்களாம். இதெல்லாம் அம்மா சொன்னது. நான் கண்ட அப்பா டாண்டினொங்கில் ஒரு கோழியிறைச்சித் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். அங்கே எல்லாரையும் மூடச் சொன்னவர், இங்கே தன் தலைமயிரை வலைத்தொப்பியால் மூடிக்கொண்டு வேலை செய்தார்.

எங்கள் வளவின் பின்பக்கம் சரிந்து இறங்கி ஓர் ஓடையில் முடிந்தது. முழங்கால் அளவு தண்ணீர்தான். ஆனாலும் எனக்கும் நாலு வயதுத் தம்பிக்கும் அது கடல். அங்கே கப்பல் விட்டோம், அணை கட்டினோம், பிடித்த மீன்குஞ்சுக்குப் பெயர் வைத்தோம். அந்த வசந்த காலத்தில் ஓடை மணக்கத் தொடங்கியது. பிறகு தம்பிக்கு வயிற்றாலே போய், கண்கள் உள்ளே இறங்கி, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றிக்கொண்டு கிடந்தான்.

“எங்கை விளையாடினவன்?” என்று அப்பா கேட்டார். நான் ஓடைப் பக்கம் கையைக் காட்டினேன். அன்றோடு எங்கள் கடல் பறிபோனது.

தம்பி வீடு திரும்பிய கிழமையே கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. ஓடை நாறுகிறது என்றும், புதிதாக ஆட்கள் குடிவந்த பிறகுதான் நாறுகிறது என்றும் யாரோ முறைப்பாடு செய்திருந்தார்கள். யாரோ என்ன யாரோ, எங்களுக்கு மேல்பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளை நாயோடு தனியாக இருந்த கிழவர்தான். எங்கள் கழிவுக்குழியைச் சோதிக்க ஆள் வரும் என்றது கடிதம்.

“நாங்கள் வந்தாப்பிறகுதானாம். நாங்கள் என்ன, ஊத்தை கொண்டு வந்தனாங்களோ?” என்று அம்மா பொரிந்தாள். அப்பா கடிதத்தை மூன்று தரம் வாசித்தார். நானோ பூரித்துப் போயிருந்தேன். அரசாங்கம் எங்கள் கக்கூஸைப் பார்க்க ஆள் அனுப்புகிறது! என் வகுப்பில் வேறு யாருக்கு இந்தப் பாக்கியம் கிடைத்தது?

பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு காலை அவர்கள் சொன்ன ஆள் வந்தாள். இளம் பெண், கறுப்பு ரப்பர் சப்பாத்து, வெள்ளை வாகனம். அப்பா வேலைக்கு லீவு போட்டு, நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர் மாதிரி இஸ்திரி போட்ட நீளக் காற்சட்டையும் சேர்ட்டும் அணிந்து வாசலில் நின்றார். அவள் வாகனத்திலிருந்து இரண்டு போத்தல்களை எடுத்து எங்களுக்கு விளக்கினாள். உங்கள் கொமட்டில் சிவப்புச் சாயம் ஊற்றுவேன், மேல்வீட்டுக்காரருடையதில் பச்சை. இரண்டு வீட்டிலும் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். பிறகு எந்த நிறம் ஓடைக்கு வந்து சேர்கிறது என்று பார்ப்போம்.

எந்த நிறம் வந்து சேர்கிறது! எனக்கு இதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. உடம்பெல்லாம் புல்லரித்தது. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் நான் சிவப்பு இல்லம். அந்த வருடம் பச்சை இல்லத்திடம் தோற்ற வேதனை இன்னும் ஆறவில்லை. கண்ணை மூடி, பிள்ளையாரே, எங்கட சிவப்பு முந்த வேணும், முந்தினால் இருபத்தொரு தோப்புக்கரணம் என்று நேர்ந்துகொண்டேன்.

பிள்ளையாரை மட்டும் நம்பியிருக்கவும் மனமில்லை. சாயங்களை ஊற்றிவிட்டு அப்பாவும் அந்தப் பெண்ணும் ஓடைக்கு இறங்கியதும் நான் குளியலறைக்குள் புகுந்து கதவைப் பூட்டினேன். கொமட்டுக்குள் தண்ணீர் இன்னும் இளஞ்சிவப்பாகவே இருந்தது. பொத்தானை அமத்தினேன். தாங்கி நிரம்பும்வரை ஒற்றைக் காலில் துள்ளிக்கொண்டு நின்று, திரும்பவும் அமத்தினேன். குளியல் தொட்டியின் இரண்டு குழாய்களையும் திறந்துவிட்டேன். ஓடு, ஓடு என்று நிலத்தைப் பார்த்துக் கத்தினேன்.

“உள்ளுக்கை என்னடி செய்யிறாய்? எத்தினை தரம் தண்ணி இழுப்பாய்?” அம்மா கதவைத் தட்டினாள்.

“வயித்தாலை போகுதம்மா!”

அந்த வீட்டில், அந்த மாதத்தில் சொல்லியிருக்கவே கூடாத பொய் அது. அம்மா வெளிறிப்போய்த் தம்பியையும் இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோடு நின்றாள். உப்பும் சீனியும் கலந்த தண்ணீர் இரண்டு கோப்பை குடித்த பிறகுதான் என்னை வெளியே விட்டாள்.

நான் ஓடைக்கு ஓடி வருவதற்குள் முடிந்துபோயிருந்தது. மேல்பக்கத்திலிருந்து பச்சை வந்துகொண்டிருந்தது. அப்படியொரு பச்சையை நான் அதுவரை கண்டதில்லை. வெயில் பட்ட இடத்தில் தண்ணீர் விளக்கு ஏற்றியது போல எரிந்தது. கல்லுகளைச் சுற்றிச் சுழித்து, எங்கள் பழைய அணைக்கட்டுக்கு மேலாகப் பாய்ந்து, ஒரு மணித்தியாலம்கூட ஆகுமுன் ஓடை முழுவதையும் பிடித்துவிட்டது. கிழவரின் வெள்ளை நாய் அதற்குள் குதித்தது. வெளியே ஏறியபோது அதன் வயிறும் நாலு காலும் பச்சை. அது உடம்பை உதற, கவுன்சில் பெண்ணின் சப்பாத்திலும் கிழவரின் காற்சட்டையிலும் பச்சைப் புள்ளிகள் தெறித்தன. தோற்றுப்போனதை மறந்து நான் வயிறு குலுங்கச் சிரித்தேன்.

கிழவர் சிரிக்கவில்லை. காலை முழுக்கக் கைகளைக் கட்டிக்கொண்டு எங்கள் வளவையே பார்த்து நின்ற மனிதர், இப்போது தொப்பியைக் கழற்றி, தன் வீட்டையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு சொல் சொன்னார். அந்தச் சொல்லின் அர்த்தத்தை அம்மா எனக்குச் சொல்ல மறுத்துவிட்டாள்.

எனக்குப் பின்னால் இறங்கி வந்த அம்மாவின் முகத்தில் மலர்ச்சி. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. நாங்கள் தோற்றிருக்கிறோம், இவள் சிரிக்கிறாள்! கவுன்சில் பெண் படம் எடுத்தாள், சின்னப் போத்தல்களில் தண்ணீர் பிடித்தாள், கிழவருக்கு ஏதோ படிவம் கொடுத்தாள். சிவப்பும் வருகிறதா என்று மத்தியானம் தாண்டும்வரை காத்திருந்தாள். பிறகு, பிரச்சினை எங்கே என்று தெரிந்துவிட்டது, உங்களைத் தொந்தரவு செய்ததற்கு மன்னிக்க வேண்டும் என்று அப்பாவிடம் கை குலுக்கிவிட்டுச் சரிவில் ஏறிப் போனாள். கிழவரும் நாயை இழுத்துக்கொண்டு போய்விட்டார். தம்பியை நித்திரையாக்க அம்மா உள்ளே போனாள்.

அப்பா மட்டும் ஓடைக்கரையில் நின்றார். எங்கள் வளவு தண்ணீரைத் தொடும் இடத்தில், கைகளைப் பின்னால் கட்டி, குனிந்து எதையோ பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று எனக்குத் தெரியாது. துக்கத்தில் நானும் போய் அவர் பக்கத்தில் நின்றேன். அப்போதுதான் கண்டேன். புல் வேர்களுக்குக் கீழே, ஈர மண்ணிலிருந்து ஒரு நூல் போல இளஞ்சிவப்பு கசிந்து, பச்சைத் தண்ணீரைத் தொட்டுக் கரைந்துகொண்டிருந்தது.

“அப்பா! சிவப்பு! எங்கட சிவப்பும் வந்திட்டுது!”

மேலே தெருவில் வாகனம் இயங்கத் தொடங்கும் சத்தம் கேட்டது. அங்கிருந்த யாருக்கும் என் குரல் எட்டியிருக்காது. அப்பா என்னைப் பார்த்தார், மேலே பார்த்தார். அடுத்த கணம் ஓடத் தொடங்கினார். என் அப்பா ஓடி நான் அதற்கு முன் கண்டதில்லை. இஸ்திரி போட்ட காற்சட்டையோடு, ஒரு கையைத் தரையில் ஊன்றி, வழுக்கி எழும்பி, “மேடம்! ஸ்டொப்! ஸ்டொப்!” என்று கத்திக்கொண்டு அந்தச் சரிவில் ஓடினார். வெற்றிச் செய்தி சொல்லத்தான் ஓடுகிறார் என்று நினைத்து நானும் கைதட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

அவள் வாகனத்தை நிறுத்தி இறங்கி வந்தாள். அந்தக் கசிவைப் பார்த்துவிட்டு, இது மிகக் குறைவுதான், நீங்கள் சொல்லாவிட்டால் நான் கண்டிருக்க மாட்டேன் என்றாள். அப்பா மூச்சு வாங்கியபடி, குழியிலிருந்து நீர் இறங்கும் குழாய் எங்கே வெடித்திருக்கலாம் என்று கையால் நிலத்தில் கோடு கீறிக் காட்டினார். அவருடைய ஆங்கிலம் அப்படித் தடங்கலில்லாமல் வந்து நான் கேட்டதில்லை. இது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்டாள். நான் பி.எச்.ஐ. என்றார் அப்பா.

அவள் எங்களுக்கும் ஒரு படிவம் எழுதிக் கொடுத்தாள். கிழவருக்குக் கொடுத்ததைப் போலவே, அதே கெடுவோடு.

பின்னேரம் அம்மா குசினியில் பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறையாகக் கழுவினாள். “ஒருத்தரும் காணேல்லைத்தானே. பிறகேன் ஓடிப்போய்ச் சொன்னனீங்கள்? இனி அந்த மனுசன் என்ன நினைக்கும்?”

அப்பா கதிரையில் இருந்து காற்சட்டை முழங்காலில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“நான் கண்டனான்” என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நாள் முழுக்கப் பாடுபட்டு அந்தச் சிவப்பைக் கொண்டுவந்து சேர்த்தது நான். அதைக் கண்டு கத்தியதும் நான். இப்போது இவர் அந்தப் பெயரைத் தட்டிக்கொண்டு போகிறார்.

“பொய்! நான்தான் முதல் கண்டனான்!” என்று நிலத்தில் காலை உதைத்தேன்.

அம்மா கழுவுவதை நிறுத்திவிட்டு என்னையும் அவரையும் பார்த்தாள். அப்பா தலையை நிமிர்த்தவில்லை. “ஓம் பிள்ளை, நீதான்” என்றார். அவர் இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்ததில், நான் வென்றுவிட்டேன் என்றே அன்றிரவு முழுவதும் நம்பிக்கொண்டிருந்தேன்.