இரத்தம் வடிகட்டிய வியாழக்கிழமைகள்

நாகலெட்சுமிக்கு ஊசியென்றால் பயமில்லை, ஆஸ்பத்திரியென்றாலும் பயமில்லை. குடலை எடுத்துவிட்டு வயிற்றில் மலம் இறங்கும் பை வைத்துவிடுவார்களோ என்ற ஒரே பயம்தான் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பதினேழு வயதில் கூடையைத் தலையில் மாட்டியவள். முப்பத்தாறாவது வயதில் பெருங்குடலில் புண் வந்தது. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை, இரத்தமும் சளியுமாகப் போகும். மலையில் ஏது கக்கூஸ்? கொழுந்தை அப்படியே விட்டுவிட்டுச் செடி மறைவுக்கு ஓடுவாள். திரும்பி வந்தால் கங்காணி கத்துவார். காரணத்தைச் சொல்ல வெட்கப்பட்டுத் திட்டை வாங்கிக்கொள்வாள்.

புருஷன் அழகன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போய் விழுந்து கால் ஒடிந்தவன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தோட்டத்துப் பதிவில் இருந்தது அவள் பெயர் மட்டும்தான். அவளும் வேலைக்குப் போகாவிட்டால் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பிராவைக் காலி பண்ண வேண்டியதுதான். வயிற்றில் பையை வைத்துக்கொண்டு இடுப்பில் படங்குச் சாக்கை இறுக்கிக் கட்டி, கூடையோடு எப்படி மலை ஏறுவது?

மாத்திரைகள் முகத்தை ஊத வைத்ததோடு சரி. 2006இல் கண்டியில் டொக்டர் முத்துலிங்கத்திடம் அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்துக்காரர், ஜப்பானில் படித்து வந்தவர். ஒரு கையிலிருந்து இரத்தத்தை எடுத்து, குடலைப் புண்ணாக்கும் வெள்ளை அணுக்களை வடிகட்டியில் பிடித்து வைத்துக்கொண்டு, மற்றக் கை வழியாகத் திருப்பி ஏற்றுகிற வைத்தியம் அவருடையது. வியாழக்கிழமைதோறும் ஒரு மணி நேரம், ஐந்து வாரம். அதற்கும் கேட்காவிட்டால் ஒப்பரேஷன்தான் என்றார்.

மூன்றாவது வாரத்திலேயே குணம் தெரிந்தது. பத்துத் தடவை மூன்றாகக் குறைந்தது, இரத்தம் நின்றது. டொக்டர் எப்படியிருக்கிறது என்று கேட்டார்.

"அப்புடியேதாங்க இருக்கு" என்றாள் இந்த மகராசி. நாலாவது வாரமும் அதையே சொன்னாள்.

அவளைக் கோபித்துப் பயனில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் 'கொஞ்சம் தேவலைங்க' என்று வாய் தவறிச் சொன்னால் போதும், மருந்தை நிறுத்தி மறுநாளே வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு விரட்டிவிடுவார்கள். கையில் கிடைத்த வைத்தியத்தை அப்படிப் பறிகொடுக்க அவளுக்கு மனமில்லை.

ஐந்தாவது வியாழக்கிழமை டொக்டர் மெஷின் பக்கமே போகவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு அவள் முன்னால் உட்கார்ந்தார்.

"உங்களுக்கு இது பலன் தரேல்லை. இனிக் குடலை எடுக்கிறதுதான் வழி."

"பொய் சொல்லிட்டேங்க ஐயா. ரெண்டு வாரமா ரத்தமே இல்லீங்க."

டொக்டர் பெருமூச்சு விட்டார். ஒப்பரேஷன் என்றதும் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள், பயப்படாதீர்கள் என்று ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதல்தான் அவளை உலுக்கிவிட்டது. பொய்யை நம்பியவர் உண்மையை நம்பவில்லையே! ஆசனவாய் வழியாகக் குழாயை உள்ளே விட்டுக் குடலைப் பார்க்கும்படி கும்பிட்டுக் கேட்டாள். முதல் தடவை அதே குழாய்க்கு வெட்கப்பட்டு அழுதவள் அவள்.

அன்று பின்னேரமே பார்த்தார்கள். திரையில் தெரிந்ததெல்லாம் அவளுக்கு ஒரே சிவப்பு. அதனால் டொக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அவர் நெற்றியைச் சுருக்கினார், குழாயைத் திருப்பினார், மறுபடியும் பார்த்தார். போய்ச்சேர்ந்தது குடும்பம் என்று நினைத்தாள்.

"புண் ஆறிக்கொண்டு வருது" என்றார் கடைசியில். "ஏன் மறைச்சனீங்கள்?"

"நல்லாயிருச்சுன்னு சொன்னா நிப்பாட்டிருவீங்கன்னு பயந்துட்டேங்க."

அவர் கையுறையைக் கழற்றினார்.

"சுகம் வந்தாலும் அஞ்சு கிழமையும் முடிக்கத்தான் வேணும். அதை உங்களுக்குச் சொல்லாமல் விட்டது என்ரை பிழை."

அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. ஓர் ஐயாவின் வாயிலிருந்து தன்னிடம் 'என் பிழை' என்ற சொல்லை அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.